மறு: ரேம் கலந்து போடுவதற்கு என்ன சொல்?

காட்பாடியிலிருந்து:

நண்பர்களே, வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் கணினிக் கையேட்டில் இந்த ஓர் இடத்தில் மட்டும் வண்டி நகரவில்லை. கணினியில் ஏற்கெனவே 4 ஜிபி ரேம் (நினைவகம்) துண்டு இருக்கிறது. அதோடு வேறு நிறுவனத்தின், வேறு வேகத்தில் ஓடும் 8 ஜிபி துண்டைச் சேர்க்கிறோம். வேலூர்க் கடையில் "ரேம் மிக்ஸ் பண்ணிப் போட்டிருக்கு சார்" என்றால் வேலை முடிந்தது. எழுத்தில் அப்படி விட முடியாது. இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன.

'ஒவ்வா நினைவகம்' வேண்டாம். ஒவ்வாது என்றால் சேரவே சேராது என்று பொருள். டிடிஆர்3, 4, 5 என்பவை ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகள். டிடிஆர்4 செருகுவாயில் (ஸ்லாட்டில்) டிடிஆர்3 துண்டு இறங்காது. விளிம்பில் உள்ள வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருக்கும், மேசைக்கணினித் துண்டில் முனைகள் (பின்கள்) 240, அங்கே வேண்டியது 288, மின்னழுத்தமும் 1.5 வோல்ட், 1.2 வோல்ட் என்று வேறு வேறு. டிடிஆர்5க்கும் 288 முனைகள்தான், ஆனால் பள்ளம் இடம் மாறியிருக்கும். இவற்றுக்குத்தான் 'ஒவ்வா' பொருந்தும்.

'ஜோடி சேரா நினைவகம்' என்றவர் ஷூ செய்யும் ஆம்பூர்க்காரராக இருக்க வேண்டும்! ஜோடி மாறிய ஷூவைப் போட்டு நடக்க முடியாது, ஓரமாக வைத்துவிடுவார்கள். கலந்து போட்ட நினைவகம் பெரும்பாலும் ஓடும். இந்தச் சொல்லைப் படிப்பவர் நல்ல துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

'கலப்பு நினைவகம்' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு தொழில்நுட்பங்களை ஒரே துண்டில் சேர்த்துச் செய்ததைப் போலத் தொனிக்கிறது. இங்கே துண்டில் கலப்பு இல்லை, நாம் சேர்த்த சேர்க்கையில்தான் இருக்கிறது.

அதனால் என் பரிந்துரை: ஒன்றாகச் சோதித்து ஒரே பெட்டியில் விற்பது 'இணைக்கட்டு'. நாமாகச் சேர்ப்பது 'கலப்புக்கட்டு'.

இன்னொரு சொல்லும் தேவை. ஒவ்வொரு துண்டிலும் அதன் வேகத்தையும் சுணக்கத்தையும் (லேட்டன்சி, கேட்ட தரவு வரும்வரை ஆகும் காத்திருப்பு) குறித்து வைத்த சிறு சில்லு ஒன்று உண்டு. கணினியைப் போட்டதும் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அதைப் படித்து, எல்லாத் துண்டுகளுக்கும் ஒத்துவரும் வேகத்தில் நிறுத்தும். 2400, 3200 என்று வேகம் குறித்த இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் இரண்டும் 2400இல்தான் ஓடும். இதை 'இறங்குவேகம்' என்கிறேன். சுணக்க எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றும் எழுத வேண்டும். 2400இல் 17 சுற்று (கடிகாரத் துடிப்பு) என்றால் 14.2 நானோநொடி, 3200இல் 22 சுற்று என்றால் 13.75. எண் பெரிதாக இருக்கிறதே தவிர, காத்திருப்பு கூடவில்லை.

ஆற்காட்டிலிருந்து:

அண்ணே, இறங்குவேகம் அருமை, அப்படியே எடுத்துக்கலாம். ஆனால் 'கலப்புக்கட்டு' எனக்கு உறுத்துகிறது. கட்டு என்றால் யாரோ கட்டிக் கொடுத்தது. நாம் எதையும் கட்டவில்லை, பழையதன் பக்கத்தில் புதியதைச் செருகுகிறோம், அவ்வளவுதான். கையேட்டைப் படித்துவிட்டு ஒருவர் கடைக்குப் போய் "கலப்புக்கட்டு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால் என்ன செய்வது? செயலுக்குப் பெயர் வைப்போம்: 'கலந்து பொருத்தல்'. வாங்கும் இடத்தில் இணைக்கட்டு, போடும் இடத்தில் கலந்து பொருத்தல்.

நீங்கள் விட்ட ஒன்று: 4, 8 சேர்த்தால் இருதடம் (டூயல் சேனல், இரண்டு துண்டுகளிலும் ஒரே நேரத்தில் தரவு ஓடுவது) முழுசாகப் போய்விடும் என்றே பலர் நினைக்கிறார்கள். இன்டெல் தாய்ப்பலகைகள் பலவற்றில் 4க்கு 4 ஜோடியாகி 8 ஜிபி இருதடத்தில் ஓடும், மிச்சம் 4 மட்டும் ஒருதடத்தில். இதைப் 'பாதி இருதடம்' என்று சொல்லலாமா?

காட்பாடியிலிருந்து:

சரி தம்பி, கடையில் கேட்பார் என்றது சரியான இடத்தில் விழுந்தது. கலந்து பொருத்தல் என்றே வைப்போம்.

'பாதி இருதடம்' மட்டும் வேண்டாம். 12இல் 8 பாதி இல்லையே. 'பகுதி இருதடம்' என்றால் எந்த அளவுக்கும் செல்லும்.

கலந்து பொருத்தல் பதிவின் கீழே இரண்டு வரி சேர்க்கிறேன். எக்ஸ்எம்பி (துண்டைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் முன்னமைப்பு) போட்டிருந்தால் முதலில் அணைத்துவிட வேண்டும். ஒரு துண்டுக்குச் சரியான அந்த அமைப்பு மற்றதற்கு ஒத்துவராமல் கணினி எழும்பாமலே போகலாம். எழுந்த பிறகு நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஒரு இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தச் சேர்க்கை வேண்டாம். 'செருகுவாய்' தனி இழையில் போகட்டும், அதற்கு ஏற்கெனவே குடியாத்தம் நண்பர் சண்டைக்குத் தயாராக இருக்கிறார்.