எங்க கபடி மாஸ்டரைப் பற்றி உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது?

மேலூர் பக்கத்தில் எங்களுக்குக் கபடி சொல்லிக்கொடுத்த மாஸ்டர் போன வாரம் தவறிவிட்டார். 16ஆம் நாள் காரியத்தன்று வாசிக்க நாலு வரி எழுதச் சொன்னார்கள் அவர் பெண்கள். அவரிடம் ஆடியவர்கள் நினைவில் இருப்பதைச் சொல்லுங்களேன்.

பதில் 1: விடியற்காலை 5 மணிக்கே சுண்ணாம்புப் பொடியோடு நிற்பார். 13 மீட்டருக்கு 10 மீட்டர், காலடியால் அளந்தே கோடு போட்டுவிடுவார். பாடிப் போகிறவனுக்கு 30 நொடிதான் என்பதால் கையில் எப்போதும் அந்தப் பழைய வாட்ச், ஆனால் அவர் கத்தியதெல்லாம் "மூச்சை விடாதடா"தான். முட்டி பெயர்ந்தால் மஞ்சள் பத்துப் போட அக்காவிடம் அனுப்புவார், அங்கே கம்பங்கூழும் கிடைக்கும் (பாதிப் பேர் அதுக்காகவே விழுந்தோம்).

பதில் 2: சாயங்காலம் ஆறரை ஆனால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் விசிலை யாரிடமாவது கொடுத்துவிட்டு மொபெட்டில் கிளம்பிவிடுவார், டியூஷன் முடிந்து பெண்கள் காத்திருப்பார்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு மேட்ச், கடைசி ரெண்டு நிமிடம், அப்போதும் போய்விட்டார். நாங்கள் தோற்றோம். எனக்கு அன்றைக்கு ரொம்பக் கோபம். இப்போது என் மகளை நான் கூட்டிவரும்போது அந்த மொபெட் ஞாபகம்தான் வருகிறது.

பதில் 3: அண்ணே, பத்தாவதில் நான் ஃபெயிலானபோது டுடோரியலுக்குப் பணம் கட்டியது அவர்தான். அதையும் எழுதுங்கள். அந்த வாட்ச் இப்போது யாரிடம் இருக்கிறது?