வடிவேலு முகமும் நம் லயத்துக் கதையும்

சுங்கை சிப்புட் டீச்சர்:
மலேசியாவில், சுங்கை சிப்புட் இடைநிலைப்பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) பகிரும் மீம்கள் எல்லாம் வடிவேலு முகம் போட்ட தமிழ்நாட்டு அரசியல்தான். அங்கே எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு மோதுகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. 1974 முதல் 2008 வரை நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டேன், வகுப்பே விழித்தது.

போன வாரம் படிவம் 5 மாணவி ஒருத்தி தானே செய்த மீமைக் காட்டினாள். தோட்டத்தில் ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய் தரும் செம்பனை நிற்கிறது. முன்னால், லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) காலி செய்யச் சொல்லும் கடிதத்தோடு அவளுடைய தாத்தா. 'பெரட்டுக்கு வா என்றீர்கள், வந்தேன். இப்போது போ என்கிறீர்கள், எங்கே?' என்று கீழே எழுதியிருந்தாள். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள்களைப் பெயர் கூப்பிடுவது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இப்படி நம் மண்ணில் பிறந்த மீம்கள் உங்களிடம் உண்டா? இதை வெளியிட்டால் பிள்ளைக்குச் சிக்கல் வருமா?

பழைய தோட்டக்காரன்:
மீம் வருவதற்கு முன்பே நம்மிடம் நையாண்டி இருந்தது, டீச்சர். நீங்கள் கேட்ட அந்த உறுப்பினர் சாமிவேலு பொதுப்பணி அமைச்சராக இருந்தபோது அவரைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளை மலாய், சீன, இந்திய மூவினத்தாரும் சொல்லிச் சிரித்தார்கள். 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர் உரிமை கேட்டு நடந்த இண்ட்ராப் பேரணியோடு அந்தச் சிரிப்பு கோபமாகிவிட்டது. 'மக்கள் சக்தி' என்ற முழக்கம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அடுத்த மார்ச் பொதுத்தேர்தலில் சாமிவேலு இதே சுங்கை சிப்புட்டில் எதிரணி வேட்பாளர் ஜெயகுமாரிடம் தோற்றார். உங்கள் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

ஈப்போ வழக்கறிஞர்:
அப்போதைய பிரதமர் நஜிப்பைக் கோமாளி முகத்தோடு வரைந்த ஓவியர் ஃபாமி ரெசா மீது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் வழக்கு வந்தது. 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் சிறை நீங்கியது, அபராதம் 10,000 ஆனது. மாணவியின் படம் யாரையும் பெயர் சொல்லிச் சாடவில்லை. இருந்தாலும் கடிதத்தில் நிறுவனத்தின் சின்னம் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். அவள் பெயரும் வேண்டாம்.

லயத்துப் பிள்ளை:
வடிவேலுவை மட்டும் விடச் சொல்லாதீர்கள், டீச்சர். நம் கதையை அவர் முகத்தோடு சொன்னால் மதுரைக்காரருக்கும் புரியும்.

சுங்கை சிப்புட் டீச்சர்:
விடச் சொல்லவில்லை, தம்பி. மதுரைக்காரருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மண்டோரும் (வேலையை மேற்பார்ப்பவர்) கிராணியும் (தோட்ட எழுத்தர்) பால் வாளியும் படத்திலிருந்து காணாமல் போகக் கூடாது, அவ்வளவுதான். வழக்கறிஞர் ஐயாவுக்கு நன்றி, சின்னத்தை மறைத்துவிட்டோம். மற்ற பிள்ளைகளையும் தாத்தா பாட்டியிடம் தோட்டத்துக் கதை கேட்டு, திங்கட்கிழமைக்குள் ஆளுக்கொரு படம் செய்துவரச் சொல்லியிருக்கிறேன்.