ஏபிகே ஃபைல் டவுன்லோட் ஆனாலே வைரஸா? மெசேஜிங் கணக்குக்குள் பிறர் நுழைவது எப்படி?

நிலாமுற்றம்
போனில் வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டும் இருக்கின்றன, கணினியிலும் இணைத்திருக்கிறேன். தெரிந்தவர் எண்ணிலிருந்து ஏபிகே ஃபைல் வந்து தானாக டவுன்லோடும் ஆகிவிட்டால் வைரஸ் புகுந்துவிட்டது என்று அர்த்தமா, திறந்தால்தானா? முனைக்கு முனை மறையாக்கம் இருக்கும்போது பிறர் எப்படி நம் அரட்டையைப் படிக்கிறார்கள்? ஆன்டிவைரஸ் போட்டால் போதுமா?

திறவுகோல்
டவுன்லோட் ஆனதோடு சரி என்றால் பயம் வேண்டாம், அழித்துவிடுங்கள். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல், இன்ஸ்டால் ஆகும் வரை ஓடாது.

ஆண்ட்ராய்டு 8 வந்த 2017 முதல், வெளியிலிருந்து வரும் ஆப்பை நிறுவும் அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. போன் அமைப்புகளில் 'தெரியாத ஆப்களை நிறுவுதல்' என்று தேடி, வாட்ஸ்அப், டெலிகிராம், பிரவுசர், ஃபைல் மேனேஜர் நான்குக்கும் அது அணைந்திருக்கிறதா பாருங்கள். 2024 ஜூலையில் டெலிகிராம் 10.14.5 பதிப்பில் ஓர் ஓட்டையை அடைத்தார்கள். ஏபிகே ஃபைல் அரட்டையில் வீடியோ போலவே தெரிந்தது, தட்டினால் 'வேறு பிளேயரில் திறக்கவா' என்று கேட்டு இன்ஸ்டால் பக்கம் கொண்டுபோனது. அப்போதும் இந்த அனுமதி அணைந்திருந்தவர்களிடம் அது மேற்கொண்டு நகர முடியவில்லை. ஆன்டிவைரஸை விட இந்த ஒரு சுவிட்சைத்தான் நான் நம்புவேன்.

தெரிந்தவர் எண் என்பதற்காக ஃபைலை நம்ப முடியாது. அவர் போனில் ஏறிய ஆப்போ, அவர் கணக்கைப் பிடித்தவரோதான் தொடர்புப் பட்டியல் முழுவதற்கும் அனுப்புகிறார். அதே அரட்டையில் 'நீங்கள்தான் அனுப்பினீர்களா' என்று கேட்டால் பதில் சொல்வதும் திருடனாக இருக்கலாம். போன் போட்டுக் கேளுங்கள்.

தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்த, வாட்ஸ்அப்பில் அமைப்புகள் > சேமிப்பகமும் தரவும் பக்கத்தில் மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

கோட்டைச்சுவர்
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முனைக்கு முனை மறையாக்கம் என்றால் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி செய்தியைப் பூட்டுவது. அது செய்தியை வழியில்தான் காக்கிறது. கணக்குக்குள்ளேயே வந்துவிட்டவருக்கு எல்லாம் திறந்தே கிடக்கும். வருவதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணைத் தன் போனில் பதிவு செய்வது. அதற்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க எண் வேண்டும். 'தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்று கேட்பது அதைத்தான். இதற்கு மருந்து அமைப்புகள் > கணக்கு > இரு-படி சரிபார்ப்பு. 6 இலக்க பின் வைத்து, மறந்தால் மீட்க மின்னஞ்சலும் கொடுங்கள். டெலிகிராமில் இதே பெயரில் பாஸ்வேர்டு வைக்கலாம். அங்கே இது இன்னும் அவசியம். சாதாரண அரட்டைகள் அவர்கள் சர்வரிலேயே இருப்பதால், நுழைந்தவருக்குப் பழைய செய்திகளும் கிடைத்துவிடும். முனைக்கு முனை மறையாக்கம் அங்கே ரகசிய அரட்டைக்கு மட்டும்தான்.

இரண்டாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை: 'இணைக்கப்பட்ட சாதனங்கள்'. வாட்ஸ்அப்பில் 4 வரை சேர்க்கலாம். போன் அணைந்திருந்தாலும் அவை ஓடும், போனை 14 நாள் பயன்படுத்தாவிட்டால்தான் வெளியேறும். இரு-படி பின் இதைத் தடுக்காது, இணைக்கும்போது அந்தப் பின்னை யாரும் கேட்பதில்லை. திறந்து கிடக்கும் போனில் ஒரு நிமிடம் க்யூஆர் கோடைக் காட்டினால் வேலை முடிந்தது. தூரத்தில் இருப்பவர் 8 எழுத்துக் குறியீட்டை உங்களையே உள்ளிட வைப்பார், 'போட்டிக்கு ஓட்டுப் போட' என்பது போன்ற போலிப் பக்கங்கள் அதற்குத்தான். சிக்னல் என்ற மெசேஜிங் ஆப்பிலும் இது நடந்திருக்கிறது: குழு அழைப்பு போலத் தோன்றும் க்யூஆர் கோடால் சாதனத்தை இணைத்துக்கொள்கிறார்கள் என்று கூகுள் 2025 பிப்ரவரியில் எச்சரித்தது.

வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் பாருங்கள். தெரியாதது இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். டெலிகிராமில் அமைப்புகள் > சாதனங்கள்.

பழையகணினி
கணினிப் பக்கத்தை யாரும் தொடவில்லை. விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே வைத்திருக்கும். 'படம்.ஜேபிஜி' என்று நீங்கள் பார்ப்பது உண்மையில் 'படம்.ஜேபிஜி.இஎக்ஸ்இ' ஆக, அதாவது திறந்தால் ஓடும் நிரலாக, இருக்கலாம். விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் > வியூ > ஷோ > ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் செய்யுங்கள்.

அதுவும் முழுக் காப்பு அல்ல. வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கான மறைவான யூனிகோடு குறி ஒன்று உண்டு. அதைப் பெயருக்கு நடுவில் செருகினால் கடைசி எழுத்துகள் திரும்பித் தெரியும், திறந்தால் ஓடும் ஜேஎஸ் ஸ்கிரிப்ட் ஒன்று பிஎன்ஜி படமாகக் காட்சியளிக்கும். டெலிகிராம் கணினிப் பதிப்பில் இதே தந்திரம் ஓடியதை 2018இல் காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்டது. அதனால் அரட்டைக்குள்ளிருந்து நேரடியாகத் திறக்காமல், ஃபோல்டரில் சேமித்து 'டைப்' என்ற பத்தியைப் பாருங்கள். அப்ளிகேஷன், ஸ்கிரிப்ட், ஷார்ட்கட் என்று இருந்தால் அழித்துவிடுங்கள்.

நிலாமுற்றம்
மிக்க நன்றி. ஒருவர் ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டார் என்றால் எதை முதலில் செய்வது?

திறவுகோல்
வரிசை முக்கியம். முதலில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். பிறகு போன் அமைப்புகளில் அக்சசிபிலிட்டி (திரையைப் படிக்கவும் தட்டவும் விடும் அனுமதி) பக்கத்திலும் டிவைஸ் அட்மின் (போனை நிர்வகிக்கும் அனுமதி) பக்கத்திலும் அந்த ஆப்பின் அனுமதியை நீக்குங்கள். இவை இருக்கும் வரை அன்இன்ஸ்டால் பட்டனை அழுத்தவே விடாது, பக்கத்தைத் தானே மூடிவிடும். அப்படிச் செய்தால், நாம் நிறுவிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் போனை ஏற்றி நீக்குங்கள். அதற்கிடையில் வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பாஸ்வேர்டுகளையும் அங்கிருந்தே மாற்றுங்கள். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி அதற்குப் போயிருந்தால் ஓடிபி எல்லாம் அவர்களுக்கும் தெரியும். அக்சசிபிலிட்டி கொடுத்திருந்தால் அன்இன்ஸ்டாலோடு நிற்காமல் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவதே நல்லது.

கோட்டைச்சுவர்
வாட்ஸ்அப் கணக்கே போயிருந்தால்: உடனே உங்கள் போனில் அதே எண்ணை மீண்டும் பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணை உள்ளிட்டதும் திருடன் வெளியேறிவிடுவான். அவன் பின் வைத்திருந்தால் நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அந்த 7 நாளும் அவனும் வெளியேதான்.

கால் ஃபார்வேர்டிங்கையும் (அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பும் வசதி) பாருங்கள். நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதாவது எண்ணை 'டயல் செய்யுங்கள்' என்று யாராவது சொல்லிச் செய்திருந்தால், உங்கள் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பிவிடும், சரிபார்ப்பு எண்ணைக் குரல் அழைப்பில் அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். பெரும்பாலான நெட்வொர்க்குகளில் *#21# நிலையைக் காட்டும், ##002# எல்லா ஃபார்வேர்டிங்கையும் நீக்கும்.

பழையகணினி
ஒரு திருத்தம் மட்டும். 'திறக்காமல் இருந்தால் பயமில்லை' என்பது ஏபிகேவுக்குத்தான். 2019 மே மாதம் வாட்ஸ்அப் அடைத்த ஓட்டையில், அழைப்பு வந்தாலே போதும், எடுக்காவிட்டாலும் ஸ்பைவேர் (உளவு பார்க்கும் நிரல்) இறங்கியது. அந்த வகைக்கு அப்டேட் தவிர வேறு வழி கிடையாது, ஆட்டோ அப்டேட்டை அணைத்து வைத்திருப்பவர்கள் இப்போதே போடுங்கள். கூடுதல் வசதி தருகிறோம் என்று வரும் மாற்றியமைத்த வாட்ஸ்அப்கள் இருந்தால் நீக்கிவிடுங்கள். 2021இல் அப்படிப்பட்ட எஃப்எம்வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்புக்குள்ளேயே டிரையடா என்ற டிரோஜன் (மறைந்து நுழையும் தீய நிரல்) இருந்தது.