பெயிண்ட் படாத 190 மினிகள்: எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ப்ரைமர் அடித்துவிடலாமா?

சாம்பல்படை கேட்டது:

வணக்கம். கைவசம் பெயிண்ட் படாமல் கிடக்கும் மினிகளின் (மேசை விளையாட்டுக்கான சிறு போர்வீரர் உருவங்கள்) கணக்கு இது. நெப்போலியன் காலத்து பிரெஞ்சு லைன் காலாட்படை, 28 மி.மீ. பிளாஸ்டிக், 96 பேர். அதில் 48 பேரை ஒட்டியாயிற்று, மீதி ஸ்ப்ரூவிலேயே (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) இருக்கிறது. பழைய உலோகக் குதிரைவீரர்கள் 24. ரெசின் பிரிண்டரில் எடுத்தவை 40. வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் பிளாஸ்டிக் வீரர்கள் 30. ஆக மொத்தம் 190.

வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்க முடியும். காட்சிக்கு வைக்கும் தரம் வேண்டாம். விளையாட்டு மேசையில் மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் ஒழுங்காகத் தெரிந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ப்ரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடித்துவிட்டால் வேலை வேகமாகுமா? ஒரு தடவைக்கு எத்தனை உருவம் எடுப்பது சரி? ஒரே பூச்சில் பள்ளத்தில் கருமையும் மேட்டில் வெளிச்சமும் தரும் கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்டில் பிரெஞ்சுக்காரர்களின் வெள்ளை பெல்ட்டை என்ன செய்வது? கூடவே ஒரு சிக்கல்: ஏற்கெனவே ஸ்ப்ரே ப்ரைமர் அடித்த 12 சிப்பாய்கள் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறார்கள். காப்பாற்ற வழி உண்டா?

---

ஈரப்பலகை பதில்:

முதலில் மணிக்கணக்கு. மூன்றடித் தரத்துக்கு, அடித்தளத்தையும் (உருவம் நிற்கும் தட்டு) வார்னிஷையும் சேர்த்து ஒரு காலாள் உருவத்துக்கு 35 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். குதிரைவீரருக்கு அதைப்போல இரண்டு மடங்கு. அப்படிப் பார்த்தால் சுமார் 125 மணி நேரம். வாரம் நான்கு மணி என்றால் 31 வாரம். ஸ்ப்ரூ வெட்டி ஒட்டும் நேரம் இதில் இல்லை.

எல்லாவற்றுக்கும் ப்ரைமர் அடிக்காதீர்கள். ப்ரைமர் அடித்தவுடன் ஏதோ நடந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் 125 மணியில் இரண்டு மணிகூடக் குறைந்திருக்காது. இன்னொன்று, ப்ரைமரின் நிறம் அடுத்து எந்த முறையில் பெயிண்ட் அடிப்பது என்பதையும் முடிவுசெய்துவிடுகிறது. 190 பேருக்கும் கறுப்பு அடித்துவிட்டு, பிறகு கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்ட் எடுத்தால் அத்தனை பேர்மேலும் வெளிர் நிறத்தைத் திரும்ப அடிக்க வேண்டிவரும். ஸ்ப்ரூவில் கிடப்பதை நாளைக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். ஒட்டி ப்ரைமர் அடித்ததை யாரும் அந்த விலைக்கு எடுக்கமாட்டார்கள்.

தொகுதிக்கு எட்டுப் பேர். மெல்லிய அக்ரிலிக் பூச்சு காயப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். எட்டாவது ஆளுக்கு அடித்து முடிக்கும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான், கை சும்மா நிற்காது. 24 பேரை ஒன்றாக எடுத்தால் ஒன்றரை மணி நேரம் ஒரே நீலம்தான்; பாதியில் கண் சோர்ந்து, விளிம்பெல்லாம் வழிய ஆரம்பிக்கும். அதோடு, தவறு செய்தால் அதை 24 தடவை செய்திருப்பீர்கள். அதனால் முதலில் ஒரே ஒரு சோதனை ஆளை முழுதாக முடியுங்கள். என்ன நிறம், எத்தனை துளி, எந்த வரிசை என்று ஓர் அட்டையில் எழுதி அந்தப் படையின் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த 48 பேரை எடுக்கும்போது நீலம் ஒத்துப்போக அந்த அட்டைதான் கைகொடுக்கும்.

உங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கான வரிசை. ஒவ்வொருவரையும் ஒரு பாட்டில் மூடியில் போஸ்டர் ஒட்டுப்பசையால் நிறுத்துங்கள். அடித்தளத்தில் மணலை இப்போதே ஒட்டிவிடுங்கள்; பெயிண்ட் முடிந்தபின் பசை தடவினால் காலணியெல்லாம் பசையாகும். ப்ரைமர் வெளிர் சாம்பல் அல்லது தந்த நிறம். கால்சட்டை வெள்ளை என்பதால் ப்ரைமர் நிறத்தையே அங்கே அப்படியே வைத்துக்கொண்டு, சாம்பல்பழுப்பு வாஷை (பள்ளங்களில் நிழல் தரும் நீர்த்த பெயிண்ட்) இரண்டு பங்கு மீடியம் (பெயிண்டை நீர்க்கச் செய்யும் நிறமில்லாத திரவம்) கலந்து மடிப்புகளில் மட்டும் ஓடவிடுங்கள். அடுத்து முகம், கை. பிறகு நீலக் கோட்டு.

நீலத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்டைப் பாதி காய்ந்த இடத்தில் மறுபடி தொட்டால் நீர்வற்றிய கறை மாதிரி ஒரு விளிம்பு நின்றுவிடும். ஒரு கையை முழுதாக முடியுங்கள், அடுத்து முதுகு, அடுத்து கோட்டின் வால். மடிப்பின் அடியில் குளமாகத் தேங்கினால், ஈரம் வடித்த தூரிகை நுனியை அங்கே வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். நீர்க்கச் செய்ய அதற்குரிய மீடியத்தையே சேருங்கள். தண்ணீர் அதிகம் சேர்த்தால் நிறமி திட்டுத்திட்டாகப் பிரியும்.

முதுகுப்பை மாட்டுத்தோல், ஆகவே செம்பழுப்பு. அதன்மேல் சுருட்டிய கிரேட்கோட்டு (நீண்ட மேலங்கி) மணல் நிறம். ஷாக்கோ தொப்பி, தோட்டாப்பெட்டி, காலணி மூன்றுக்கும் ஒரே கறுப்பு. கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் சிவப்பு, மார்பு மடிப்பு வெள்ளை. இவற்றுக்குச் சாதாரண, மூடும் தன்மையுள்ள பெயிண்ட்தான்.

பெல்ட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீலத்தின்மேல் நேராக வெள்ளை அடித்தால் மூன்று பூச்சு போட்டாலும் நீலம் எட்டிப்பார்க்கும். முதலில் நடுத்தரச் சாம்பலை பெல்ட்டின் முழு அகலத்துக்கும் இழுங்கள். அதன்மேல் மங்கிய வெள்ளையை, இருபுறமும் ஒரு முடியளவு சாம்பல் தெரியும்படி, நடுவில் மட்டும். அந்தச் சாம்பல் கோடுதான் மூன்றடி தூரத்தில் பெல்ட்டை நீலக் கோட்டுத் துணியிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. தூரிகை 1ஆம் எண் போதும். பூஜ்யங்களாக எண் போட்ட குட்டித் தூரிகையில் பெயிண்ட் நுனியிலேயே காய்ந்துபோகும்.

---

பழைய ஈயம் பதில்:

மேலே சொன்னது பிளாஸ்டிக்குக்குச் சரி. வரிசையில் முதலில் எதை எடுப்பது என்பதில் எனக்கு வேறு கருத்து. பிளாஸ்டிக் பத்து வருடம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். உங்கள் குவியலில் கெட்டுப்போகக்கூடியவை இரண்டு: பழைய உலோகமும் ரெசினும். அவற்றை முன்னால் கொண்டுவாருங்கள்.

அந்த 24 குதிரைவீரர்களையும் இன்றே வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈயம் அரிப்பது. மூடிய மர அலமாரியில், குறிப்பாக ஓக் மரத்திலும் எம்.டி.எஃப். பலகையிலும், அசிட்டிக் அமில ஆவி கசிந்துகொண்டே இருக்கும். அதுதான் ஈயத்தை ஈயக் கார்பனேட்டாக மாற்றுகிறது. வெள்ளீயம் அதிகமுள்ள பிற்காலக் கலவைக்கு இந்த நோய் வருவதில்லை. சோதிக்க, அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் இழுத்துப் பாருங்கள். பென்சில் மாதிரி சாம்பல் கோடு நன்றாக விழுந்தால் ஈயம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பூத்திருந்தால் கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்தபடியே தேயுங்கள். உலரவைத்துச் சுரண்டக் கூடாது, அந்தத் தூள் நஞ்சு. சிலர் வினிகரில் ஊறப்போடச் சொல்வார்கள். வியாதிக்குக் காரணமான அமிலத்தையே மருந்தாகக் கொடுப்பது அது. நன்றாக உலர்ந்தபின் எல்லாப் பக்கமும், அடிப்பாகம் உட்பட, ப்ரைமர் அடித்து மூடுங்கள். திரும்ப வைப்பது காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் பெட்டியில்.

குதிரைக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மணல் நிறமோ வெளிர் ஆரஞ்சோ அக்ரிலிக் அடித்து ஒரு நாள் விடுங்கள். மேலே பர்ன்ட் அம்பர் ஆயில் பெயிண்டைக் குதிரை முழுக்கத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மேக்கப் ஸ்பாஞ்சால் துடைத்தெடுங்கள். தசை மேடுகளில் வெளிர் நிறம் தெரியும், பள்ளத்தில் பழுப்பு தங்கும். குதிரைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஆயில் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் தொட்டால் விரல்ரேகை பதியும். அதனால்தான் வீரரைக் குதிரையில் ஒட்டாமல் தனியாக அடிக்கச் சொல்வது. வீரரின் அடியில் 1 மி.மீ. துளை போட்டு ஒரு கம்பியைச் செருகுங்கள். அடிக்கும்போது அதுவே கைப்பிடி. முடிந்தபின் அதைக் குட்டையாக வெட்டி, குதிரைச் சேணத்திலும் துளை போட்டுச் செருகினால் அதுவே ஆணி. வெறும் சூப்பர் குளூவை நம்பினால் ஒருமுறை கீழே விழுந்ததும் வீரர் வேறு, குதிரை வேறு.

ரெசின் 40இல், உள்ளே குடைந்து எடுத்தவை எவை என்று பாருங்கள். வடிதுளை இல்லாமல் குடைந்திருந்தால் கெட்டிப்படாத திரவ ரெசின் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். சில மாதம் கழித்து விரிசல் விட்டுக் கசியும், அடித்த பெயிண்ட் அத்தனையும் வீண். அடியில் 3 மி.மீ. துளை இரண்டு போட்டு, ஊசிக்குழலால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் பாய்ச்சிக் கழுவி, ஒரு நாள் உலரவிட்டு, பிறகு யு.வி. வெளிச்சம் காட்டுங்கள். ஈரத்தோடு யு.வி.யில் வைத்தால் வெள்ளைப் படலம் பிடிக்கும். இத்தனைக்கும் கையுறை கட்டாயம்.

---

அடித்தளம்28 பதில்:

ப்ரைமர் விஷயத்துல ஈரப்பலகை சொல்றதோட நான் முழுசா ஒத்துப்போகல. ஸ்ப்ரே டப்பா நம்ம நேரத்துக்கு வேலை செய்யாது, வானிலைக்குத்தான் செய்யும். காத்துல ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல இருந்தா அடிக்கவே கூடாது. அதனால உலர்ந்த நாள் ஒண்ணு கிடைச்சா, ஒட்டி முடிச்ச அந்த 48 பேருக்கும் அடிச்சு, மூடி போட்ட பெட்டில வெச்சிடுங்க. ஆனா ஒரே பெயிண்ட் முறைல வர்ற ஒரே படைக்கு மட்டும்தான். 190 பேருக்கும் அடிக்கறது எனக்கும் பைத்தியக்காரத்தனமாத்தான் படுது.

உங்க 12 பேருக்கு நடந்தது இதுதான்: டப்பாவ ரொம்ப தள்ளிப் பிடிச்சிருப்பீங்க, இல்லன்னா சூடும் காத்துமா இருந்திருக்கும். பெயிண்ட் துளி போற வழியிலேயே பாதி காஞ்சு, தூளா வந்து ஒட்டியிருக்கு. டப்பாவ ரெண்டு நிமிஷம் முழுசா குலுக்காம விட்டாலும் இதே கதி. தூரம் 20லேர்ந்து 30 செ.மீ. உருவத்துக்கு வெளியில ஆரம்பிச்சு, அந்தப் பக்கம் வெளியில போய் நிறுத்தணும். ஒரே இடத்துல நின்னு அடிச்சா வழியும்.

காப்பாத்த: முதல்ல உலர்ந்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால தேய்ச்சுப் பாருங்க, மேல உக்காந்த தூள் உதிரும். முகத்துல கண்ணும் மூக்கும் இன்னும் தெளிவா இருந்தா, மெல்லிசா ஒரு கோட் பளபளப்பு வார்னிஷ் தூரிகையால அடிச்சு மூடிடுங்க. அது செய்யாம கான்ட்ராஸ்ட் அடிச்சா ஒவ்வொரு மணல் பொட்டுக்கும் சுத்தி நீலம் தேங்கி, அம்மை போட்ட மாதிரி ஆயிடும்.

முகமே மூழ்கிப்போச்சுன்னா கழுவறதுதான் வழி. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல, மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல ரெண்டு மூணு மணி நேரம், அப்புறம் பிரஷ். ஜன்னலத் திறந்து வைங்க, பக்கத்துல நெருப்பு கூடாது. பிளாஸ்டிக் சிமென்ட் போட்ட இணைப்பு அசையாது, சூப்பர் குளூ போட்டது கழண்டுவரலாம். டெட்டால்ல ஊறப்போடறவங்களும் உண்டு, அதுவும் வேலை செய்யும். ஆனா ஊறினத நேரா தண்ணில காட்டினா பெயிண்ட் மொத்தமும் பிசுபிசுன்னு தார் மாதிரி ஒட்டிக்கும். டெட்டால்லயே தேய்ச்சு அலசிட்டுத்தான் சோப்புத் தண்ணிக்குப் போகணும். அசிட்டோன் பக்கமே போகாதீங்க, பிளாஸ்டிக் கரைஞ்சு போயிடும். ரெசின் உருவத்த ஆல்கஹால்ல மணிக்கணக்கா போடாதீங்க, ஊறி மெத்துன்னு ஆகி விரிசல் விடும்.

---

சாம்பல்படை:

பார்த்தேன். 12இல் ஏழு பேரின் முகம் தெளிவாக இருக்கிறது, ஐந்து பேர் ஆல்கஹாலுக்குப் போகிறார்கள். குதிரைவீரர்களில் மூவரின் அடியில் வெள்ளைப் பொடி. அவர்கள்தான் முதல் தொகுதி. அந்த 30 வார்ஹாமர் வீரர்களை எங்கே நுழைப்பது? ஸ்ப்ரூவில் இருக்கும் 48 பேரை இப்போதே ஒட்டிவைக்கலாமா?

---

ஈரப்பலகை:

வார்ஹாமர் 40,000இன் 9, 10ஆம் பதிப்புகளில், படை முழுக்கப் பெயிண்ட் அடித்து அடித்தளமும் முடித்திருந்தால் 100இல் 10 புள்ளி அதற்கே உண்டு. அந்த 10க்கு வேண்டியது முக்கிய நிறங்களும் எளிய அடித்தளமும் மட்டுமே. கண்மணி வரைய வேண்டாம். கறுப்பு ப்ரைமர், அதன்மேல் சாம்பல் ட்ரைபிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் லேசாகத் தேய்ப்பது), மேடுகளில் மட்டும் வெள்ளை ட்ரைபிரஷ், பிறகு கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்ட். கவசத்துக்கு இது நன்றாக வேலை செய்யும். ட்ரைபிரஷுக்கு வட்டமான மேக்கப் தூரிகை நல்லது. பெயிண்டைத் துணியில் துடைத்து, விரல்மேல் இழுத்தால் லேசாகப் பொடி மட்டும் படிய வேண்டும். ஒரு பிரெஞ்சுத் தொகுதி, ஒரு வார்ஹாமர் தொகுதி என்று மாற்றி மாற்றி எடுத்தால் நீலம் சலிக்காது.

48 பேரை இப்போது ஒட்ட வேண்டாம். ஒட்டுமுன் பெட்டியைப் பாருங்கள்: 1812இல் வந்த பார்டின் விதிமுறைக்குப் பிந்தைய சீருடை என்றால் மார்பு மடிப்பு இடுப்புவரை மூடியிருக்கும், கோட்டின் வால் குட்டை. கையில் இருக்கும் முதல் 48 பேர் பழைய நீண்ட வால் சீருடையில் இருந்தால் ஒரே பட்டாலியனில் கலக்க முடியாது. கிரேட்கோட்டு போட்ட உடல்களும் ஸ்ப்ரூவில் இருந்தால் அவற்றையே ஒட்டுங்கள். மார்பு மடிப்பு இல்லை, கைமடிப்புச் சிவப்பு இல்லை, சாம்பல், பழுப்பு, மணல் என்று ஆளுக்கொரு நிறம் கொடுக்கலாம், ஆளுக்குப் பத்து நிமிடம் மிச்சம்.

---

பழைய ஈயம்:

ஒன்று விட்டுப்போயிற்று. கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்ட் கை பட்ட விளிம்புகளில் சீக்கிரம் தேயும், துப்பாக்கி முனையும் ஷாக்கோ விளிம்பும் முதலில் போகும். வார்னிஷ் அடிக்காமல் மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். உலோகக் குதிரைவீரர்களுக்கு முதலில் பளபளப்பு ஒரு கோட், அடுத்த நாள் மேட் (பளபளப்பில்லாத வார்னிஷ்). மேட் ஸ்ப்ரேயை ஈரமான நாளில் அடித்தால் பனி படர்ந்தது போல வெளுத்துப்போகும். வெளுத்துவிட்டால் கழுவ ஓடாதீர்கள். அதன்மேல் தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், அது காய்ந்தபின் தூரிகை மேட்.