கன்ஃபோகல் காலண்டர் ஃபுல், அறையோ காலி: பொதுக் கருவிக் கூடத்தை எப்படி நடத்துகிறீர்கள்?

கூடப்பொறுப்பு:
வணக்கம். ஓர் உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பொதுக் கருவிக் கூடத்தின் பொறுப்பு சமீபத்தில் என்னிடம் வந்திருக்கிறது. ஒரு கன்ஃபோகல் நுண்ணோக்கி, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இரண்டு, செல்களை வகை பிரித்தெடுக்கும் செல் சார்ட்டர் ஒன்று, ஒரு வரிசை மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்கள். பல லேப்கள் பயன்படுத்துகின்றன. கன்ஃபோகலின் முன்பதிவுக் காலண்டரைத் திறந்தால் இரண்டு வாரத்துக்கு இடமே கிடையாது. ஆனால் மதியம் அந்த அறைப் பக்கம் போனால் பல நாள் ஆளே இருப்பதில்லை. இன்னொரு கன்ஃபோகல் வாங்கலாம் என்று குழுவில் பேச்சு. சிலர் கட்டணத்தை உயர்த்தச் சொல்கிறார்கள்; உயர்த்தினால் சின்ன லேப்கள் ஒதுங்கிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

நுண்ணோக்கி:
ரத்து செய்வதற்கு 24 மணி நேரக் கெடு வையுங்கள். அதற்குப் பிறகு ரத்து செய்தால் முழுக் கட்டணம். எங்கள் இடத்தில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.

பழைய_சைட்டோ:
கெடு நல்லதுதான். ஆனால் இரண்டாவது கருவியைப் பற்றிப் பேசும் முன், புக் செய்த நேரத்தையும் லாகின் ஆன நேரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கருவியின் கம்ப்யூட்டரில் யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியேறினார் என்பது பதிவாகியிருக்கும். மூன்று மாதக் கணக்கு போதும். நான் கூடம் நடத்தியபோது நாலு மணி நேரம் புக் செய்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் எழுந்து போவது சாதாரணம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஸ்லாட் கிடைக்காமல் போய்விடும் என்ற பயம்தான். சாம்பிள் தயாராகுமா என்று தெரியும் முன்பே பிடித்து வைத்துவிடுகிறார்கள். காலண்டர் நிரம்ப நிரம்ப அந்தப் பயமும் கூடும். அதைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

எங்களுக்குக் கைகொடுத்தது இது: புக் செய்த நேரம், பயன்படுத்திய நேரம் இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். பகலில் ஒருவருக்கு ஒரு தடவைக்கு மூன்று மணி நேரம்தான். இரவும் வார இறுதியும் பாதிக் கட்டணம். டைம்-லாப்ஸ் (இடைவெளி விட்டு நீண்ட நேரம் தொடர் படங்கள்) எடுப்பவர்கள் தாங்களாகவே இரவுக்கு நகர்ந்தார்கள்; 12 மணி நேரம் ஓடும் படப்பிடிப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லையே. ஸ்லாட் தொடங்கி அரை மணிக்குள் லாகின் இல்லையென்றால் மீதி நேரம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும்.

கூடப்பொறுப்பு:
மிக்க நன்றி சார். கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது? சார்ட்டரையும் இதே விதியில் திறந்துவிடலாமா?

பழைய_சைட்டோ:
சர்வீஸ் ஒப்பந்தமே வருடத்துக்குக் கருவி விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வரும். அதோடு நுகர்பொருள், சம்பளத்தில் அந்தக் கருவிக்கான பங்கு. இந்தத் தொகையை உண்மையில் ஓடும் மணி நேரத்தால் வகுங்கள். வாரம் 40 மணி, வருடம் 50 வாரம் என்று 2000 மணி போட்டால் கட்டணம் மலிவாகத் தெரியும். ஓடியது 1200 மணிதான் என்றால் வருடக் கடைசியில் ஐந்தில் இரண்டு பங்கு துண்டு விழும். அமெரிக்க அரசின் ஆய்வு நிதி விதிகளில், இப்படிப்பட்ட கூடங்கள் செலவை மட்டுமே மீட்க வேண்டும், அரசு நிதியில் வருபவருக்கு ஒரு கட்டண விகிதம் மற்றவருக்கு ஒரு விகிதம் என்று பாகுபாடு கூடாது, விகிதத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது திருத்த வேண்டும் என்று இருக்கிறது. எந்த நாட்டுக்கும் பொருந்தக்கூடிய நல்ல வழி. சின்ன லேப்களுக்கு உதவ வேண்டுமானால் நிறுவனம் தனி நிதி ஒதுக்கட்டும். விகிதத்தில் கைவைக்காதீர்கள்.

சார்ட்டரை மட்டும் திறந்துவிட வேண்டாம். அதற்கென்று பழகிய ஒருவர்தான் ஓட்ட வேண்டும். செல்களைச் சுமந்து நாசில் என்ற நுண்துளை வழியே வரும் திரவத் தாரை நிலைப்பட்டு, அதிலிருந்து துளி பிரியும் நேரத்தைச் சரிபார்த்து முடிக்கவே கணிசமான நேரம் போய்விடும். நாசில் அடைத்தால் துளிகள் காற்றில் சிதறும். சாம்பிள் மனித ரத்தம் என்றால் அது ஓட்டுபவரின் உடல்நலப் பிரச்சினை. தயார் செய்யவே நேரம் போவதால், 70 மைக்ரான் நாசில் வேலைகளை ஒரு நாளிலும், பெரிய செல்களுக்கான 100 மைக்ரான் வேலைகளை இன்னொரு நாளிலும் சேர்த்துப் போடுங்கள். நாசில் மாற்றும் நேரம் மிச்சம்.

சாதாரண சைட்டோமீட்டரில் கடைசியாக உட்காருபவர் பிளீச் கரைசலை ஐந்து நிமிடம், பிறகு சுத்த நீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுத்தான் எழ வேண்டும். யாராவது விட்டுவிட்டால் மறுநாள் காலை கருவியைச் சரிபார்க்கும் பீட்ஸ் (நுண்மணிகள்) ஓட்டும்போதே தெரிந்துவிடும்: வரைபடத்தில் ஒல்லியாக நிற்க வேண்டிய சிகரம் அகன்று போயிருக்கும். திசுவிலிருந்து எடுத்த செல்களை 40 மைக்ரான் வலையில் வடிகட்டாமல் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கொஞ்சம் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

ஆய்வு_மாணவி:
பயனர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கன்ஃபோகலில், ஸ்லைடில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் 63எக்ஸ் ஆயில் லென்ஸில் பார்த்துவிட்டு ஸ்லைடைத் துடைக்காமல் 20எக்ஸ் உலர் லென்ஸுக்குத் திருப்பினால் எண்ணெய் அதில் ஏறிவிடும். அடுத்து வருபவருக்குப் படம் மங்கல். தன்னுடைய ஸ்டெயினிங்தான் (சாம்பிளுக்குச் சாயமேற்றியது) கெட்டுவிட்டதோ என்று பாதி ஸ்லாட்டைத் தொலைப்பார். எங்கள் கூடத்தில் ஒரு சோதனை ஸ்லைடு எப்போதும் மேசையிலேயே இருக்கும். வந்ததும் முதலில் அதைப் பார்க்க வேண்டும். படம் சரியில்லையென்றால் உடனே கூப்பிடலாம், பழியும் நம் மேல் விழாது. பயிற்சியும் செய்முறை விளக்கத்தோடு முடியக் கூடாது. அவரவர் சாம்பிளோடு ஒரு முறை, பக்கத்தில் ஆள் நிற்க, தானே ஓட்டிக் காட்டிய பிறகுதான் அனுமதி தர வேண்டும்.

நுண்ணோக்கி:
ஃப்ரீசரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மைனஸ் 80-ஐ மைனஸ் 70-க்கு மாற்றினாலே மின்செலவு கணிசமாகக் குறையும், பெரும்பாலான சாம்பிள்களுக்கு அது போதும். எந்தப் பெட்டி யாருடையது என்ற பட்டியலைக் கதவுக்கு வெளியே ஒட்டுங்கள். தேடுகிற நேரமெல்லாம் கதவு திறந்தே கிடக்கிறது.

கூடப்பொறுப்பு:
லாகின் பதிவை இன்று எடுத்துப் பார்த்தேன். கன்ஃபோகலில் எல்லோருக்கும் ஒரே பொது லாகின், ஒரே பாஸ்வேர்டு. யார் எவ்வளவு நேரம் இருந்தார் என்று பிரிக்கவே முடியவில்லை.

பழைய_சைட்டோ:
அப்படியானால் நாளைக்கே பொது லாகினை மூடிவிட்டு ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். மற்ற விதிகள் அதற்குப் பிறகு. மூன்று மாதப் பதிவு கைக்கு வரும்வரை புதுக் கருவிப் பேச்சைத் தள்ளிவைக்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதுங்கள். காரணத்தையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.