ஜோக்சென் (மனசோட இயல்பை நேரா பாக்கச் சொல்ற திபெத்திய பௌத்த வழி): மொதல்ல எந்த மொழிபெயர்ப்பு எடுத்து மாட்டிக்கிட்டீங்க?

நான் மாட்டினது எவான்ஸ்-வென்ட்ஸ் 1954ல போட்ட 'தி டிபெட்டன் புக் ஆஃப் தி கிரேட் லிபரேஷன்'ல. பழைய புக் கடையில சல்லிசா கெடச்சுது, உள்ள உளவியல் அறிஞர் யுங்கோட உரை வேற, அதுலயே கவுந்துட்டேன். எவான்ஸ்-வென்ட்ஸ் 1935ல திருவண்ணாமலை வந்து ரமணரைப் பாத்தவர், அதனால நமக்கு ஒரு தனி பாசம். ஆனா அவருக்கு திபெத்திய மொழியே தெரியாது, மொழிபெயர்த்துக் குடுத்தது வேற ஆளுங்க, இவர் அதை எடிட் பண்ணி தியாசபிக்காரர் (பிரம்மஞான சபைக்காரர்) பார்வையில குறிப்பு எழுதினார், இதெல்லாம் எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரியும். 'ஒன் மைண்ட்'னு வர்ற எடத்துலல்லாம் ஓரத்துல பென்சிலால "பிரம்மம்!"னு எழுதி வெச்சிருந்தேன் பாருங்க.

அப்புறம் கர்நாடகாவுல திபெத்தியர் குடியிருப்பு இருக்கிற பைலகுப்பே போனப்போ ஒரு பிக்குகிட்ட அதைப் பெருமையா காட்டினேன். சிரிச்சுட்டு என் போனை வாங்கி, ஆஃப் பண்ணி, கருப்பு ஸ்க்ரீனை என் மூஞ்சிக்கு நேரா புடிச்சார். தெரியுற மூஞ்சி 'செம்', அதாவது ஓடிக்கிட்டே இருக்கிற மனசு, காட்டுற கண்ணாடித்தன்மை 'ரிக்பா', அதாவது விழிப்பு, உங்க புக்ல ரெண்டையும் பிரிச்சு காட்டியிருக்கானு கேட்டார். திரும்பி வந்து அதே நூலை ஜான் ரெனால்ட்ஸ் 1989ல புதுசா மொழிபெயர்த்ததை வாங்கிப் படிச்சேன், பென்சில் எழுத்தெல்லாம் அழிக்கவே ஒரு சாயங்காலம் ஆச்சு.

இப்ப யார் கேட்டாலும் 19ம் நூற்றாண்டு திபெத்திய குரு பட்ருல் ரின்போச்சேயோட 'வேர்ட்ஸ் ஆஃப் மை பெர்ஃபெக்ட் டீச்சர்', பத்மாகரா மொழிபெயர்ப்புக் குழு 1994ல கொண்டுவந்ததுதான் சொல்வேன். பேச்சுமொழி வாடை, நெறைய கதை, கடைசில நல்ல கலைச்சொல் பட்டியல். நரகத்தைப் பத்தி பக்கம் பக்கமா வரும், அங்க மூடி வெச்சுடாதீங்க.

*

(இன்னொருத்தர் பதில்) எனக்கு மொதல்ல மாட்டினது ஹெர்பர்ட் குந்தரோட மொழிபெயர்ப்புங்க. 14ம் நூற்றாண்டு ஜோக்சென் குரு லொங்சென்பாவோட நூலை 1975ல ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் பாஷையில எழுதி வெச்சிருக்கார், பெரிய அறிஞர்தான், ஆனா நாலு பக்கத்துக்கு மேல என்னால முடியல, திபெத்திய மொழியே கத்துக்கலாம்போல இருந்துச்சு. அதே நூல் பத்மாகரா மொழிபெயர்ப்புல 2017ல வந்தப்புறம்தான், அட, லொங்சென்பா கவிதையால்ல எழுதியிருக்கார்னு தெரிஞ்சுது.

அப்புறம் மேல ஒருத்தர் 'யேஷே லாமா'ங்கிற ஜோக்சென் பயிற்சிக் கையேட்டோட பிடிஎஃப் கேட்டிருந்தார். அது தீட்சை வாங்கி, முன்பயிற்சி முடிச்சவங்களுக்கு குரு குடுக்கிறது. என்கிட்ட இல்ல, இருந்தாலும் அனுப்ப மாட்டேன், கோச்சுக்காதீங்க.