விண்டோஸ் 98-ஐ மீண்டும் நிறுவிய பின் எக்ஸ்பி இருந்த டி டிரைவைக் காணவில்லை

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து மக்கள் பட்டணத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) குடியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் தோட்டத்து மாரியம்மன் கோயிலும் மரண சகாய நிதியும் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் பழைய கணக்குகளை வைத்திருக்கும் கணினியைப் பற்றியது என் கேள்வி.

2003-இல் வாங்கிய அந்தக் கணினியை அப்போதைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஐயா அமைத்துக் கொடுத்தார். அதில் உள்ள ஒரே 80 ஜிபி வன்தட்டை அவர் மூன்றாகப் பிரித்திருந்தார். சி டிரைவில் விண்டோஸ் 98, டி டிரைவில் விண்டோஸ் எக்ஸ்பி, ஈ டிரைவில் திருவிழாப் படங்கள். ரசீது அடிக்கும் பழைய டாஸ் நிரலும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியும் 98-இல் மட்டுமே ஒத்துழைத்ததால் அதை விட முடியவில்லை. உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்புகள், கடிதங்கள் யாவும் எக்ஸ்பியில் எழுதப்பட்டன. கணினியை முடுக்கியதும் இரண்டில் எது வேண்டும் என்று ஒரு கறுப்புத் திரை கேட்கும்.

சென்ற மாதம் ஒரு மாலையில் இடி மின்னலோடு மின்சாரம் போய் வந்தது. மறுநாள் என்டிஎல்டிஆர் என்ற கோப்பைக் காணவில்லை என்ற ஒற்றை வரியோடு கணினி நின்றுவிட்டது. பட்டணத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் எங்களைக் கேட்காமலேயே சி டிரைவை ஃபார்மெட் செய்து, பெட்டியில் இருந்த விண்டோஸ் 98-ஐ மீண்டும் நிறுவித் திருப்பிக் கொடுத்தார்கள். 'வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் பார்த்தோம், 80 ஜிபி வட்டு 10 ஜிபி சொச்சம்தான் காட்டுகிறது, வட்டு செத்துவிட்டது, டி-யில் இருந்தவை போய்விட்டன' என்பது அவர்கள் தீர்ப்பு.

ஆனால் வீட்டில் திறந்து பார்த்தபோது டி டிரைவ் இருக்கிறது. அதற்குள் ஈ-யில் இருக்க வேண்டிய தீமிதிப் படங்கள் இருக்கின்றன! ஈ என்ற எழுத்தில் குறுந்தட்டு இயக்கி நிற்கிறது. எக்ஸ்பி மட்டும் எங்கும் இல்லை. அது உண்மையிலேயே அழிந்துவிட்டதா? எக்ஸ்பியின் அசல் குறுந்தட்டும் அதன் எண்ணும் என்னிடம் உள்ளன. நான் கணக்கு எழுதுபவன். கணினி படித்தவன் அல்லன்.

பழைய வட்டு, ஈப்போ:

தம்பி, முதலில் அந்தக் கணினியை அணைத்துவிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் எக்ஸ்பி அழியவில்லை; 98-இன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கப் பல முறைகள் உண்டு. கிராணி ஐயா டி டிரைவை என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்திருப்பார். விண்டோஸ் 98-க்கு ஃபேட் முறையைத் தவிர வேறு எதுவும் படிக்கத் தெரியாது. தனக்குப் புரியாத பகுதியை அது இல்லாததாகவே கொண்டு, அடுத்துத் தனக்குப் புரிகிற பகுதிக்கு டி என்ற எழுத்தைக் கொடுத்துவிடுகிறது. இது உங்கள் வீட்டில் எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்கும். ரசீது அடிக்க மட்டும் 98-க்குள் போனவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆகவே டி-க்குள் தீமிதிப் படங்கள் தெரிவதை நல்ல அறிகுறியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டது என்று குறிக்கும் பிரிவினை அட்டவணை கலைந்திருந்தால் கடைசிப் பகுதி இவ்வளவு ஒழுங்காகத் திறந்திருக்காது.

வட்டு சுருங்கிய கதை எனக்குப் பழக்கமானது. விண்டோஸ் 98-உடன் வந்த எஃப்டிஸ்க் 64 ஜிபிக்கு மேற்பட்ட வட்டுகளில் அந்த 64-ஐக் கழித்துவிட்டு மீதியை மட்டும் காட்டும். மைக்ரோசாஃப்ட் பின்னர் இதற்குத் திருத்தம் வெளியிட்டது. உங்கள் 80 ஜிபி வட்டு கணினியின் கணக்கில் ஏறத்தாழ 76,300 எம்பி வரும். அதில் 65,536-ஐக் கழித்துப் பாருங்கள், கடைக்காரர் சொன்ன 10 ஜிபி சொச்சம் கிடைக்கும். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட வட்டுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனிச் செய்ய வேண்டியது. வட்டைக் கழற்றி, ஐடிஇ என்ற பழைய வகை வட்டை யூஎஸ்பியில் இணைக்கும் இணைப்பான் ஒன்றை வாங்குங்கள். மூன்றரை அங்குல வட்டுக்கு 12 வோல்ட் தேவைப்படுவதால், தனி மின்கம்பியோடு வருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். வட்டின் பின்புறமுள்ள ஜம்பர் என்ற சிறு செருகியை மாஸ்டர் நிலையில் வையுங்கள். லினக்ஸ் உள்ள ஒரு மடிக்கணினியில் இணைத்து, டிடிரெஸ்கியூ என்ற நிரலால் முழு வட்டையும் ஒரே படிமமாக (அச்சு அசலான நகலாக) வேறொரு வட்டில் எடுத்துவிடுங்கள். அது படிக்க முடியாத இடங்களைத் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளை எடுத்து முடித்த பின்னரே அவற்றுக்குத் திரும்பி வரும். விண்டோஸ் கணினியில் இணைத்தால், 'ஃபார்மெட் செய்யவா?' என்று அது எதையாவது கேட்கக்கூடும். வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

படிமம் கையில் வந்த பிறகு எக்ஸ்பியை எழுப்பிப் பார்க்கலாம். அதற்கும் வன்தட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. எக்ஸ்பி ஓடும் ஏதேனும் ஒரு கணினியில் ஃபிளாப்பி ஒன்றை ஃபார்மெட் செய்யுங்கள். 98-இல் செய்தால் பயன்படாது, ஏனெனில் ஃபிளாப்பியின் தொடக்கப் பிரிவு, அதாவது முடுக்கியதும் கணினி முதலில் படிக்கும் சிறு நிரல், எக்ஸ்பியைத் தொடங்கிவைக்கும் என்டிஎல்டிஆர்-ஐத் தேடுவதாக இருக்க வேண்டும். எக்ஸ்பி குறுந்தட்டின் ஐ386 கோப்புறையிலிருந்து என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட் ஆகிய இரண்டையும் அதில் நகலெடுத்து, எக்ஸ்பி எந்தப் பகுதியில் உள்ளது என்று குறிக்கும் பூட்.ஐஎன்ஐ கோப்பை நோட்பேடில் எழுதிச் சேருங்கள். வட்டைப் பழையபடி கணினியில் பொருத்தி இந்த ஃபிளாப்பியால் முடுக்கினால், டி நலமாக இருக்கும்பட்சத்தில் எக்ஸ்பி எழுந்து வரும்.

கூலிம்வாசி:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? எக்ஸ்பி குறுந்தட்டால் முடுக்கி, முதல் திரையில் ஆர் எழுத்தை அழுத்தினால் மீட்பு முனையம் வரும். அங்கே ஃபிக்ஸ்பூட் கட்டளையைக் கொடுத்து, இரண்டு கோப்புகளையும் சி-யில் நகலெடுத்து, பூட்சிஎஃப்ஜி கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்தால் பத்து நிமிட வேலை. அதுவும் சரிவராவிட்டால் டி-யில் எக்ஸ்பியைப் புதிதாக நிறுவிவிடலாமே. வட்டும் பழையது, 500 ஜிபி வட்டாகவே மாற்றிவிடுவது நல்லது.

பழைய வட்டு, ஈப்போ:

கூலிம் நண்பர் சொல்லும் வழி தவறன்று. நானும் பலமுறை செய்ததுதான். ஆனால் இந்த வீட்டுக்கு இரண்டு தடைகள் உள்ளன. எக்ஸ்பியை முதன்முதலில் நிறுவியபோது அது 98-இன் தொடக்கப் பிரிவை சி-யில் பூட்செக்ட்.டாஸ் என்ற கோப்பாகப் பத்திரப்படுத்தியிருக்கும். சி ஃபார்மெட் ஆனபோது அதுவும் போய்விட்டது. இப்போது ஃபிக்ஸ்பூட் கொடுத்தால் 98-இன் தொடக்கப் பிரிவின் மேல் எக்ஸ்பியினது எழுதப்படும். எக்ஸ்பி வரும், 98 வராது. அதைச் செய்வதற்கு முன் 98-இன் அந்தத் தொடக்கப் பிரிவின் 512 பைட்டுகளைத் தனியே எடுத்து அதே பெயரில் சி-யில் வைத்தால் இரண்டும் வரும். பத்து நிமிட வேலையில் இந்தப் படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

புதிதாக நிறுவுவதை நான் ஏற்கவே மாட்டேன். பழைய விண்டோஸ் கோப்புறையின் மேலேயே நிறுவினால் உள்ளே நிறுவிய நிரல்கள் வேலை செய்யாமல் போகும். தவறி ஒரு முறை ஃபார்மெட் என்பதைத் தேர்ந்துவிட்டால் உறுப்பினர் பட்டியலும் போகும்.

500 ஜிபி வட்டைப் பற்றி ஒரு சொல். சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பு இல்லாத 2001-ஆம் ஆண்டு எக்ஸ்பி 137 ஜிபிக்கு மேல் பார்க்காது, 98-உம் அப்படியே. பெரிய வட்டை வாங்குவது படிமத்தை வைக்கப் பயன்படும். அந்தக் கணினிக்குள் பொருத்தப் பயன்படாது.

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்:

ஐயா, தாமதத்திற்கு மன்னிக்கவும். இணைப்பான் கிடைக்கவே ஒரு வாரம் ஆகிவிட்டது. மருமகனின் லினக்ஸ் மடிக்கணினியில் வட்டை இணைத்தோம். படிக்க முடியாத இடம் ஒன்றுகூட இல்லாமல் முழுப் படிமமும் வந்துவிட்டது. டி-யும் அங்கேயே திறந்தது, உறுப்பினர் பட்டியலும் இருக்கிறது. அந்த இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஃபிளாப்பிதான் எங்களைப் படாத பாடு படுத்தியது. அலமாரியில் இருந்த மூன்றில் இரண்டு பூஞ்சை பிடித்திருந்தன. மூன்றாவதை, இன்னமும் எக்ஸ்பி ஓடும் ஒரு நண்பர் வீட்டுக் கணினியில் ஃபார்மெட் செய்தோம். பூட்.ஐஎன்ஐயில் பகுதி எண்ணை 1 என்று எழுதி முடுக்கியபோது, ஹால்.டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்று நின்றது. லினக்ஸ் அந்தப் பகுதியை 5 என்று காட்டியிருந்ததால் 5 என்று மாற்றினேன். இம்முறை வட்டையே படிக்க முடியவில்லை என்று வேறொரு செய்தி வந்தது. அலுத்துப்போய் 2 என்று எழுதிப் பார்த்தேன். எக்ஸ்பியின் பச்சை மேடு தெரிந்தது! ஏன் 2 என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ரசீது நிரலும் அதன் 2004 முதல் 2008 வரையிலான தரவுகளும் சி-யில்தான் இருந்தன. அவற்றுக்கு ஏதேனும் வழி உண்டா?

பழைய வட்டு, ஈப்போ:

அந்த எண்ணைச் சொல்லாமல் விட்டது என் பிழை, தம்பி. உங்கள் சி முதன்மைப் பகுதி. டி-யும் ஈ-யும் நீட்டிப்புப் பகுதி என்ற கூட்டுக்குள் இருக்கும் தருக்கப் பகுதிகள். பூட்.ஐஎன்ஐ முதலில் முதன்மைப் பகுதிகளை எண்ணி, பிறகு தருக்கப் பகுதிகளை எண்ணும், கூட்டை எண்ணாது. ஆகவே சி 1, டி 2. லினக்ஸோ முதல் நான்கு எண்களை முதன்மை இடங்களுக்கென ஒதுக்கிவிட்டுத் தருக்கப் பகுதிகளை 5-இலிருந்து தொடங்கும். நீங்கள் 1 என்று எழுதியபோது அது 98-இன் விண்டோஸ் கோப்புறைக்குள் போய் எக்ஸ்பியின் ஹால்.டிஎல்எல்-ஐத் தேடியது, அங்கே அது எப்படி இருக்கும்?

சி-யைப் பொறுத்தவரை முழு நம்பிக்கை தர மாட்டேன். 98-இன் ஃபார்மெட், கோப்புகளின் துண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று குறிக்கும் ஒதுக்கீட்டு அட்டவணையையும் மூலக் கோப்புறையையும் வெறுமையாக்குமே தவிரத் தரவுப் பரப்பை அழிப்பதில்லை. அதன் பின் நிறுவிய 98 சில நூறு எம்பியை மட்டும் மேலெழுதியிருக்கும். உட்கோப்புறைகளின் பெயர்ப் பட்டியல்கள் தரவுப் பரப்பிலேயே கிடப்பதால் கோப்பின் பெயர், அளவு, தொடக்க இடம் மூன்றும் பிழைத்திருக்கலாம். அட்டவணை போய்விட்டதால், வட்டில் ஒரே தொடராகக் கிடந்த கோப்புகள் முழுதாகவும் சிதறிக் கிடந்தவை உடைந்தும் வரும். ரசீதுத் தரவுக் கோப்பு ஒன்றின் பெயராவது தெரிந்தால் படிமத்துக்குள் அதைத் தேடலாம். தேடும்போது புள்ளியை விட்டுவிடுங்கள்: பெயரை எட்டு இடத்துக்கு வெற்றிடங்களால் நிரப்பி, புள்ளிக்குப் பின் வரும் ஒட்டு மூன்று எழுத்தையும் உடனே சேர்த்துப் பெரிய எழுத்தில் தேட வேண்டும், ஃபேட் அப்படித்தான் எழுதி வைக்கிறது. தேடலைப் படிமத்தின் நகலில் மட்டும் நடத்துங்கள்.

எக்ஸ்பியை விட்டு வெளியே வருமுன் அதன் எழுத்துருக் கோப்புறையையும் நகலெடுங்கள். அந்தக் காலத்துத் தமிழ் ஆவணங்கள் பலவும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்திய குறியீட்டில் தட்டச்சு செய்யப்பட்டவை. எழுத்துரு இல்லாமல் புதிய கணினியில் திறந்தால் கூட்டக் குறிப்பு முழுவதும் கிறுக்கலாகத் தெரியும்.

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்:

எழுத்துருக்கள் வந்துவிட்டன. கோப்பின் பெயரைக் கிராணி ஐயாவிடம் கேட்டேன், அவருக்கு நினைவில்லை. ஆனால் அவர் வைத்திருந்த 2005-ஆம் ஆண்டுச் சந்தாப் பட்டியலின் தலைப்பில் அந்த நிரல் தன் தரவுக் கோப்பின் பெயரையும் சேர்த்து அச்சடித்திருந்தது. அதை வைத்துத் தேடியதில் கோப்புறையின் பட்டியல் அப்படியே அகப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கான ஐந்து கோப்புகளில் நான்கு முழுமையாகத் திறந்தன. 2007 மட்டும் பாதியில் அறுந்திருக்கிறது. அந்த ஆண்டின் ரசீது அடிக்கட்டைகள் கோயில் பெட்டியில் உள்ளன. அவற்றைப் பார்த்து மீதியை நானே தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டேன்.